நன்றி மடல்: பேக்கரி மாடிக் கூட்டத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

பல்லடம் ரோட்டுப் பேக்கரி மாடியில் மாதம் ஒருமுறை நடந்துவரும் நம் கூட்டத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பை இந்த மாதத்தோடு இளையவர்கள் இருவரிடம் ஒப்படைக்கிறேன். கணக்கு நோட்டையும் மாடிச் சாவியையும் கைமாற்றுவதற்கு முன் தீர்க்கவேண்டிய நன்றிக்கடன் நிறைய இருக்கிறது. கூட்டம் போட்டுச் சொன்னால் பொன்னாடை, மாலை, மைக் டெஸ்ட் என்று நேரம் போய்விடும். அதனால் எழுதிவிடுகிறேன்.

திருப்பூருக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இது பதிவு பெற்ற சங்கம் இல்லை, அறக்கட்டளையும் இல்லை. கட்டிங், நிட்டிங், சாயப்பட்டறை, பிரிண்டிங், காஜா பட்டன், வேஸ்ட் குடோன் என்று ஆளுக்கொரு சிறு தொழில் செய்கிறவர்கள் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, தண்ணீர், கரண்ட், கழிவு மூன்றையும் குறைத்துக்கொண்டு தொழிலை எப்படி நடத்துவது என்று பேசினோம், அவ்வளவுதான். பசுமைத் தொழில், புதுமை என்று பெரிய ஓட்டல்களில் நடக்கும் மாநாடுகளுக்கும் நாங்கள் போயிருக்கிறோம். விசிட்டிங் கார்டுகள் குவியும். ஊர் திரும்பியதும் ரப்பர் பேண்ட் போட்டு டிராயரில் வைத்துவிடுவோம். மாடியில் எங்களுக்கு இருந்தது ஒரே விதி. வருகிறவர் தன் கம்பெனியின் ஏதாவது ஓர் எண்ணை உண்மையாகச் சொல்லவேண்டும். கரண்ட் பில், கட்டிங் வேஸ்ட் போன விலை, ஒரு கிலோ துணிக்கு இழுத்த தண்ணீர், எதுவாகவும் இருக்கலாம்.

இது எவ்வளவு கடினமான விதி என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ரேட்டை வாய்விட்டால் பக்கத்துக் கம்பெனிக்காரர் ஐம்பது பைசா குறைத்துப் பேசி ஆர்டரைக் கொண்டுபோய்விடுவார் என்று பயப்படுகிற ஊர் இது. அந்தப் பயம் காரணமில்லாததும் இல்லை. எல்லோரும் டீயை உறிஞ்சிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, நிட்டிங் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் சட்டைப்பையிலிருந்து மின்வாரிய பில்லை எடுத்துப் பிரித்து மேஜையில் வைத்தார். "படியுங்கள். இதைவிடக் கம்மியாக வருகிறவர் எப்படி என்று சொல்லிக்கொடுங்கள்" என்றார். கூட்டம் அந்த நிமிடத்தில்தான் கூட்டமானது. அண்ணா, முதல் நன்றி உங்களுக்கு.

பேக்கரி முதலாளி வாடகை வாங்கவில்லை. டீக்கும் பன்னுக்கும் மட்டும் கணக்கு வைத்தார். அதிலும் மழை நாட்களில் ஆள் குறைந்தால் பாதிதான் எழுதுவார். கூட்ட நேரத்தைச் சரியாகச் சொன்னவரும் அவர்தான். நாங்கள் சனிக்கிழமை மாலை வைக்கலாம் என்று யோசித்தோம். "சனிக்கிழமை சம்பள நாள், எந்த முதலாளி வருவார்?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றால் கல்யாணம், காதுகுத்து, கறிக்கடை. கடைசியில் செவ்வாய்க்கிழமை, ஒன்றரை ஷிப்ட் முடிந்து எட்டரை மணிக்கு மேல் என்று முடிவானது. ஷிப்மெண்ட் நெருக்கும் வாரங்களில் அதற்கும் ஆள் வராது. வந்தவரை வைத்து நடத்தினோம்.

அந்தக் கரண்ட் பில் பேச்சு எங்களை ஒரு தையல் மெஷின் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. பழைய கிளட்ச் மோட்டார், தையல்காரர் காலை எடுத்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வோ மோட்டார் பெடலை மிதித்தால் மட்டும் சுற்றும். தைக்காத நேரத்துக்கு எத்தனை பணம் கட்டுகிறோம் என்பதை அவர் ஒரு மீட்டரை மாட்டிக் காட்டினார். இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெஷின்கள் நின்றபின், கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு, குழாய்கள் ஓரமாக மெதுவாக நடந்து பாருங்கள், உஸ் என்று சத்தம் வரும் இடமெல்லாம் பணம் ஒழுகுகிறது என்றார். செலவில்லாத யோசனை. கேட்டவர்களில் பாதிப்பேர் மறுநாளே செய்துபார்த்தார்கள். கன்சல்டன்ட் என்று சொல்லிக்கொள்ளாத அந்த மனிதருக்கு என் வணக்கம்.

அடுத்து, வேஸ்ட் குடோனில் துணி பிரிக்கும் அக்கா. இவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதவேண்டும்.

கூட்டத்துக்கு வரவே அவர் தயங்கினார். "முதலாளிகள் பேசுகிற இடத்தில் நான் எதற்குங்க" என்றார். மூன்று நான்கு முறை கூப்பிட்ட பிறகு ஒரு சாக்கு நிறையக் கட்டிங் வேஸ்ட்டோடு வந்தார். மேஜையில் கொட்டினார். கேட்டால் எல்லோரும் 'காட்டன்' என்றுதான் சொல்வோம். அவர் ஒவ்வொரு துண்டாக எடுத்து இரண்டு விரலால் இழுத்தார். ரப்பர்போல் திரும்பி வந்தவை லைக்ரா. அவை ஒரு பக்கம். ரப்பர் பிரிண்ட் ஒட்டியவை இன்னொரு பக்கம். சந்தேகமான துண்டுகளிலிருந்து ஒரு நூலை உருவி, தீப்பெட்டியைப் பற்றவைத்தார். பஞ்சு நூல் காகிதம் கருகும் வாசத்தோடு எரிந்து சாம்பலாக உதிர்ந்தது. பாலியஸ்டர் சுருங்கி உருகி, கருப்பாக ஒரு கெட்டி மணியாக நின்றது. அந்த மணியை உள்ளங்கையில் வைத்து எங்களைச் சுற்றிக் காட்டினார். "இது ஒன்று மில்லுக்குள் போனால் மொத்த லாட்டுக்கும் விலை இறங்கிவிடும்" என்றார்.

பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். கட்டிங் மேஜையில் நிறம் நிறமாக, வகை வகையாகத்தான் துணி வெட்டுகிறோம். வெட்டிய கையோடு எல்லாத் துண்டையும் ஒரே சாக்கில் அமுக்குகிறோம். அப்புறம் குடோனில் பெண்கள் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து, தூசியை மூச்சில் இழுத்துக்கொண்டு, நாம் கலந்ததை மறுபடி பிரிக்கிறார்கள். "மேஜை ஓரத்திலேயே நாலு சாக்கு மாட்டி வையுங்கள். எங்களுக்கு இடுப்பு வலி மிச்சம், உங்களுக்குக் கிலோவுக்குக் கூடுதல் காசு" என்றார். என் யூனிட்டில் மறுவாரமே மாட்டினோம். விலை கூடியது உண்மை. எவ்வளவு என்பதை விதிப்படி மாடியில் சொல்லியிருக்கிறேன். கட்டிங் மாஸ்டர் முதலில் முணுமுணுத்தார். இப்போது சாக்கு மாறினால் அவரே சத்தம் போடுகிறார்.

அக்கா, உங்கள் குடோனில் மாஸ்க்கும் மின்விசிறியும் வாங்கித்தருவது பற்றி நாம் பேசிய பேச்சு இன்னும் பேச்சாகவே இருக்கிறது. அதை முடிக்காமல் இந்த நன்றி முழுமையாகாது என்று எனக்குத் தெரியும். மாடிக் கணக்கில் மிச்சமிருக்கும் தொகையை அதற்கே ஒதுக்கி நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

சாயத்தொழிலில் முடி நரைத்த மாஸ்டர் ஒருவருக்கும் நொய்யல் ஆற்றுக் கீழ்ப்பாசனத்து விவசாயி ஒருவருக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன். இருவரும் ஒரே நாளில் வந்ததால்.

1992-ல் நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, எங்கள் ஊர்ச் சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறிய கதையை இங்கே யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே போகக்கூடாது என்ற உத்தரவு நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. அந்த வருடம் துணியை எடுத்துக்கொண்டு வெளியூர், வெளிமாநிலம் என்று அலைந்தவர்கள் மாடியில் பலர். அவர்களுக்கு எதிரில் அந்த விவசாயி உட்கார்ந்திருந்தார். சத்தம் கிளம்பும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "உங்கள் லாப நட்டக் கணக்கில் எங்கள் கிணறு எந்தப் பக்கம் வருகிறதுங்க?" யாரும் பதில் சொல்லவில்லை.

மாஸ்டர்தான் பேச்சை எடுத்தார். பதில் சொல்வதாகச் சொல்லாமல், சாயம் போடும் முறையைச் சொன்னார். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். வெளிர் நிறத்துக்கு லிட்டருக்கு 20, 30 கிராம். கருப்பு, கருநீலம் என்றால் 80 கிராம், சிலசமயம் அதற்கும் மேலே. அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. சாயத்தை நூலுக்குள் தள்ளிவிட்டு, போட்ட அளவே தண்ணீரோடு வெளியே வந்துவிடும். கிணற்றைக் கெடுத்ததில் கண்ணுக்குத் தெரிகிற நிறத்தைவிட, கண்ணுக்குத் தெரியாத இந்த உப்புக்குப் பங்கு அதிகம். இன்று சுத்திகரிப்பு நிலையங்களில் நுண்ணுயிர் முறை, ஆர்.ஓ., ஆவியாக்கி என்று படிப்படியாகப் போய்த் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீரைத் திரும்ப எடுக்கிறோம். உப்பில் ஒரு பகுதியும் மறுபடி பட்டறைக்கே போகிறது. திருப்பூர் தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய சாதனை இது. ஆனால் ஆவியாக்குவதற்கு நீராவி வேண்டும், நீராவிக்கு விறகோ நிலக்கரியோ எரிய வேண்டும். கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பு யாருக்கும் வேண்டாத சரக்காக ஷெட்டுகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. இதையெல்லாம் அவர் எதையும் மறைக்காமல், விவசாயியின் முகத்தைப் பார்த்தே சொன்னார். மறு மாதம் விவசாயியையும் எங்களையும் ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்கு அழைத்துப்போய், முதல் தொட்டியிலிருந்து உப்பு மூட்டைவரை நடத்திக் காட்டவும் ஏற்பாடு செய்தார். அனுமதி கொடுத்த நிர்வாகத்துக்கும் நன்றி.

அந்த ஷெட்டின் வாசலில் நின்றபடி அக்கா கேட்ட கேள்வியில் ஒரு தொழிலே பிறந்தது. "கருநீலத் துண்டை மறுபடி நூலாக்கினால் அது கருநீலமாகத்தானே வரும்? எதற்கு இன்னொரு தடவை சாயம், இத்தனை உப்பு?" புதிய யோசனை என்று சொல்லமாட்டேன். கலர் பிரித்த வேஸ்ட்டிலிருந்து ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்களில் சாயமே போடாமல் கலர் நூல் எடுப்பது நம் பக்கத்தில் பல காலமாக நடக்கிறது. போர்வைக்கும் தரைவிரிப்புக்கும் அந்த நூல் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் எங்கள் மாடிக்காரர்களில் எவருமே தன் கட்டிங் துண்டைத் தன் பனியனாகவே திரும்பப் பார்க்கலாம் என்று நினைத்திருக்கவில்லை. கிழித்த பஞ்சு நீளம் குறைந்து பலம் இழந்திருக்கும் என்பதால் புதுப் பஞ்சோ, பாட்டிலிலிருந்து எடுத்த பாலியஸ்டரோ கலக்கவேண்டும் என்று மில்காரர் சொன்னார். நிட்டிங் அண்ணன் நூல் அறுந்து அறுந்து மெஷின் நின்றதைப் பொறுத்துக்கொண்டு, கலவையை மாற்றி மாற்றிச் சாம்பிள் ஓட்டித் தந்தார், கூலி வாங்காமல். இன்று மாடிக்காரர்களில் ஒரு தம்பி அந்த நூலில் டி-ஷர்ட் போட்டு விற்கிறார். கருநீலம் லாட்டுக்கு லாட் கொஞ்சம் மாறும். மாறும் என்று லேபிளிலேயே அச்சிட்டுவிட்டார். நான் ரசித்த துணிச்சல்களில் அதுவும் ஒன்று.

ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மர்ச்சண்டைசராக இருக்கும் தங்கைக்கு: ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பொருள் வடிவமைப்புச் சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது, அதன்கீழ் துணிகளுக்கும் அவை உருவான விவரங்களைச் சொல்லும் டிஜிட்டல் பாஸ்போர்ட் வரப்போகிறது என்பதை நீங்கள் புரியவைத்த விதமே தனி. ஒரு பனியனை மேஜையில் விரித்து, பஞ்சு எங்கே விளைந்தது, நூல் எங்கே, சாயம் எங்கே என்று ஒவ்வொருவராகக் கைகாட்டிக் கேட்டீர்கள். அடுத்தவர் ஆர்டருக்குக் கூலிக்கு ஜாப் ஒர்க் செய்கிற எங்களில் பலருக்கு நாங்கள் தைக்கிற துணி எந்தப் பட்டறையில் நனைந்தது என்றே தெரியவில்லை. பில்லையும் டெலிவரி சலானையும் ஒழுங்காகக் கோப்பில் வைக்கும் பழக்கம் அன்றிரவு பலருக்கு வந்தது.

இன்னும் பலர். லேப் டெஸ்டுக்குக் கைகொடுத்த கல்லூரிப் பேராசிரியரும் மாணவர்களும். நாங்கள் பேசுவதை ஒடியா, இந்தி நண்பர்களுக்குச் சொல்லி, அவர்கள் பேச்சை எங்களுக்குச் சொன்ன பவர் டேபிள் (தையல்) கான்ட்ராக்டர். கடன் கேட்கும் படிவத்தைப் பயமில்லாமல் நிரப்பச் சொல்லிக்கொடுத்த வங்கி அதிகாரி. நாற்காலி மடக்கி வைத்த பையன்கள்.

ஒரு மறுப்புக்கும் நன்றி சொல்லவேண்டும். செலவு முழுவதையும் ஏற்பதாகவும், பின்னால் தங்கள் பேனர் தொங்கவேண்டும், விலைப் பேச்சு வேண்டாம் என்றும் ஒரு நிறுவனம் கேட்டது. பணமுடை இருந்த நேரம், நான் ஊசலாடினேன். பேக்கரிக்காரர்தான், "பேனர் மாட்ட இந்தச் சுவரில் ஆணி இறங்காதுங்க" என்று முடித்துவைத்தார். சுவர் சாதாரணச் செங்கல் சுவர்தான்.

அடுத்த கூட்டம் வழக்கம்போல மாதத்தின் இரண்டாவது செவ்வாய், எட்டரைக்கு மேல். கலப்பு உப்பு பற்றிப் பேச மாஸ்டர் வருகிறார். விவசாயி அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். லைக்ரா கலந்த துண்டுக்கு யாரிடமாவது வழி இருந்தால் ஒரு சாக்கு சாம்பிளோடு வாருங்கள். பேக்கரியில் எடுத்துப்போன எட்டு டீ டம்ளர் இன்னும் திரும்பவில்லை, அதையும் கொண்டுவாருங்கள்.

நன்றியுடன்,
ஒருங்கிணைத்துவந்த கட்டிங் யூனிட்காரன்,
திருப்பூர்.