பொங்கல் மேடைக்கு வரும் எம்.பி.க்களுக்கு ஒரு மடல்

ஹரோ, ஈஸ்ட்ஹாம், மிச்சம், டூட்டிங் என்று தமிழர் நிறைந்த தொகுதிகளில் வென்று பிரிட்டன் நாடாளுமன்றத்தில் இருக்கும் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தைப்பொங்கல் மேடையில் இதே சொல்லை நீங்கள் சொல்ல, நாங்கள் கைதட்டியிருக்கிறோம். இந்த முறை நான் சொல்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் கணவனை இங்கே கூப்பிடக் காட்ட வேண்டிய வருமான வரம்பைப் பற்றித்தான் இந்த மடல். இதே விஷயத்தை ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பியிருக்கிறேன். தமிழில் எழுதுவது, என்னைப் போல மாட்டுப்பட்டிருப்பவர்களும் வாசிக்கத்தான். உங்களுக்கு வாசித்துச் சொல்லத் தொகுதியில் ஆளுக்கா பஞ்சம்?

நான் ஆரம்பப் பள்ளியொன்றில் வகுப்பு உதவியாளர். பத்து வயதில் இங்கே வந்து, பிரிட்டன் குடியுரிமை பெற்றவள். 2023 ஆவணியில் யாழ்ப்பாணத்தில் எனக்குக் கலியாணம். அவர் அங்கே சிவில் என்ஜினியர். அப்போது கணவனை விசாவில் கூப்பிட, அதாவது ஸ்பொன்சர் பண்ண, ஆண்டு வருமானம் 18,600 பவுண் காட்டினால் போதும். 2012 முதல் அதுதான் கணக்கு. பள்ளிச் சம்பளம் அதற்குக் காணாது. ஆகவே சனி ஞாயிறு ஒரு சுப்பர்மார்க்கெட்டில் சேர்ந்தேன். ஒவ்வொரு வேலையிலும் ஆறு மாதச் சம்பளச் சீட்டு வேண்டும். ஐந்து சேர்ந்திருந்தபோது, 2024 ஏப்ரல் 11 அன்று 18,600 என்பது 29,000 ஆகிவிட்டது.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். அந்த ஏப்ரலில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44 பவுண். கிழமைக்கு 40 மணி நேரம் வருடம் முழுக்க உழைத்தாலும் 23,795தான் வரும். 29,000 வேண்டுமென்றால் கிழமைக்கு ஏறக்குறைய 49 மணி நேரம். அரசே 'இது போதும்' என்று வைத்த கூலியில் முழுநேரம் உழைக்கிறவர் கணவனோடு வாழ முடியாது என்று அதே அரசு சொல்கிறது. சேமிப்பைக் காட்டலாம் என்று ஒரு வழி இருக்கிறது. வருமானம் இல்லாவிட்டால் 88,500 பவுண் ஆறு மாதம் கையில் இருக்க வேண்டும். அவ்வளவு காசு இருந்தால் நான் ஏன் சனிக்கிழமை விடிய ஐந்து மணிக்குப் பால் அடுக்குகிறேன்?

எனக்கு விளங்காத விஷயம் வேறொன்று. அவர் யாழ்ப்பாணத்தில் வாங்கும் சம்பளம் கணக்கில் இல்லை. இங்கே ஒரு நிறுவனம் வேலை தருகிறோம் என்று கடிதம் கொடுத்தாலும் அது வழக்கமான கணக்கில் சேராது. வருகிறவர் உழைக்கிற மனிதர். விதியோ அவரை என் சம்பளத்தில் சாப்பிட வருபவராகவே பார்க்கிறது. 2017இல் உச்ச நீதிமன்றம் வருமான வரம்பு இருக்கலாம் என்றது. ஆனால் வேறு வழியில் வரக்கூடிய வருமானத்தை அப்படியே ஒதுக்கிவிடுவது சரியில்லை என்றும் சொன்னது. அதன் பிறகு விதியைத் திருத்தினார்கள். ஆனால் மறுத்தால் குடும்ப வாழ்வுரிமை மீறப்படும் என்று சொல்லக்கூடிய விதிவிலக்கான நிலைமைகளுக்கு மட்டும்தான் அது. எங்களைப் போன்ற சாதாரணப் பிரிவுக்கு இல்லை.

இப்போது பள்ளி, மாலையில் பிள்ளைகள் பராமரிப்பு, வார இறுதியில் பால் என்று 29,000 வந்துவிட்டது. விசா விண்ணப்பத்துக்குக் கோப்புக் கட்டுகிறேன். காசநோய் இல்லை என்று அவர் காட்ட வேண்டிய சான்றிதழ் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். என் சீட்டுகள் சேருமுன் ஒன்று காலாவதியாகி, மறுபடி இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தார். 2025 ஏப்ரலில் விண்ணப்பக் கட்டணம் 1,938 பவுண் ஆனது. அப்போது சுகாதாரக் கட்டணம் வேறு 3,105. இரண்டு வருடம் ஒன்பது மாதத்தில் விசா முடியும், நீட்டிக்க மறுபடியும் கட்ட வேண்டும்.

எங்கள் உறவு உண்மையானது என்று காட்ட வாட்ஸ்அப் உரையாடல்களை அச்செடுத்து மொழிபெயர்க்கக் கொடுத்தேன். மொழிபெயர்ப்பாளர் கேட்டார், "தங்கச்சி, இதில் அவருடைய பெயர் ஓரிடத்திலும் இல்லையே?" எப்படி இருக்கும்? எல்லாம் 'இஞ்சாருங்கோ'தான். அதை எப்படி ஆங்கிலமாக்குவது என்று இருவரும் மண்டையை உடைத்தோம். 'இங்கே பாருங்கள்' என்று போட்டால் ஏதோ படம் காட்டுவது போல இருக்கிறது. கடைசியில் ஒவ்வொரு இடத்திலும் 'மனைவி கணவனை அழைக்கும் சொல்' என்று போட்டார். கூலி சொல்லுக்கு இவ்வளவு என்று பேசியிருந்தோம். ஒரு சொல் நாலைந்து சொல்லானதில் நட்டம் எனக்கு.

சரி, உங்களால் என்ன செய்ய முடியும்? 1971 குடிவரவுச் சட்டப்படி விதி மாற்றங்களை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். 40 நாளுக்குள் ஏதாவது ஓர் அவை ஏற்க மறுத்துத் தீர்மானம் போடலாம். 29,000 அந்த வழியாகத்தான் சத்தமில்லாமல் வந்தது. அதை 38,700 வரை ஏற்றும் திட்டமும் இருந்தது. 2024 ஜூலையில் வந்த அரசு நிறுத்திவைத்தது, அதற்கு நன்றி. அரசே கேட்டு வாங்கிய குடிவரவு ஆலோசனைக் குழுவின் அறிக்கை 2025 ஜூனில் வந்தது. குடும்பம் தன் காலில் நிற்பதுதான் நோக்கமென்றால் 23,000 முதல் 25,000 வரை வைக்கலாம் என்று அது சொல்கிறது. அந்த அறிக்கையை எடுத்து அமைச்சரிடம் கேளுங்கள். வருகிறவரின் வேலைக் கடிதத்தையும் வழக்கமான வருமானமாக எண்ணச் சொல்லுங்கள். அடுத்த மாற்றம் அவைக்கு வரும்போது அந்த 40 நாளும் விழித்திருங்கள்.

இதையெல்லாம் வரும் பொங்கல் விழாவில் நேரிலேயே கேட்டிருப்பேன். விழா சனிக்கிழமையாம். எனக்கு அன்று வேலை.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர் ஒருத்தி