பச்சைப் பயிரில் பதர்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிவிட்டது. பதில் தாமதமானதற்குக் காரணம் சோம்பல் இல்லை, அறுப்பு. நெல் களத்துக்கு வந்து, காய்ந்து, மூட்டை கட்டி, மேலே படுதா போட்டு மூடிய பிறகு இன்று மத்தியானம்தான் பேனாவைக் கையில் எடுத்தேன். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. வரப்பில் நடக்கும்போது மறந்துபோகிறது, படியேறும்போது ஞாபகம் வந்துவிடுகிறது. சின்னவள் படிப்பை முடித்துவிட்டாள். வேலை தேடுகிறேன் என்கிறாள். எனக்கென்னவோ தேடுகிற மாதிரி தெரியவில்லை.

சரி, உன் வயலுக்கு வருகிறேன். பயிர் கடைசிவரை பச்சைப்பசேலென்று நின்றது, பூச்சி இல்லை, நோய் இல்லை, உரத்திலும் தண்ணீரிலும் குறை வைக்கவில்லை, ஆனால் கதிரை உருவினால் பாதி பதர், விதைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று எழுதியிருந்தாய். விதைக்காரனைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் யோசித்துப் பார். உன் வயல் பூத்தது எந்த வாரம்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கோடையில் என் வயலிலும் இதே கதைதான், ஆனால் பாதி வயலில் மட்டும். நாற்று போதாமல் போனதால் இரண்டு தவணையாக நட்டேன். கீழ் வயலில் முதல் நடவு, மேல் வயலில் பன்னிரண்டு நாள் கழித்து. ஒரே மூட்டை விதை, ஒரே கிணற்றுத் தண்ணீர், உரமும் அளந்து போட்டதுதான். கீழ் வயல் பூத்தபோது வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்தது. மேல் வயலில் கதிர் வெளிவந்த வாரம் வெயில் கொளுத்தத் தொடங்கி, தொடர்ந்து ஐந்து நாள் 38, 39 என்று நின்றது. வரப்பில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். சொல்லப்போனால் மேல் வயல்தான் கண்ணுக்கு அழகு. அறுப்புக்கு முந்தின நாள் மேல் வயலில் ஒரு கதிரைப் பிய்த்து, திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தேன். 118 நெல்லில் 37 பதர். கீழ் வயல் கதிரில் பதினொன்று.

நீ ஒருநாளாவது காலை பத்து மணிக்கு வரப்பில் குந்தி நெல் பூப்பதைப் பார்த்திருக்கிறாயா? நானும் இத்தனை வருஷத்தில் உற்றுப் பார்த்தது இந்த முறைதான். உமி இரண்டும் மெல்லப் பிரிந்து வாய் திறக்கும். உள்ளேயிருந்து ஆறு மகரந்தப் பைகள் நூலில் கட்டிய மாதிரி வெளியே வந்து தொங்கும். உமி திறக்கிற சமயத்திலேயே பை வெடித்து மகரந்தம் உள்ளே கொட்ட வேண்டும். ஒரு மணி நேரம் போல திறந்திருந்துவிட்டு உமி மூடிக்கொள்ளும். அந்த நெல்லுக்கு வாழ்க்கையில் அந்த ஒரு மணி நேரம்தான். அப்போது வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பை சரியாக வெடிப்பதில்லை, கொட்டுகிற மகரந்தமும் முளைப்பதில்லை. ஒரு மணி நேரச் சூடே போதும், அது பதராகிவிடக்கூடும். கதிரின் நுனியில் ஆரம்பித்து அடிவரை பூத்து முடிக்க ஐந்து முதல் ஏழு நாள், வயல் முழுக்கப் பூத்து முடிக்கப் பத்து நாள் போல ஆகும். நாற்றங்காலிலிருந்து களம் வரை மூன்று மூன்றரை மாதம் பாடுபடுகிறோம், இந்தப் பத்து நாளைத்தான் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

பயிர் பச்சையாக நின்றதே என்கிறாய். அதுதான் அடையாளமே. மணி பிடித்த கதிர் இலையிலிருந்து சத்தை இழுக்கும், இலை பழுக்கும், கதிர் தலை சாயும். பதராய்ப் போன கதிருக்கு இழுக்க ஒன்றும் இல்லை. அதனால் இலை பச்சை குறையாமல் நிற்கும், கதிரும் விறைத்துக்கொண்டு நிற்கும். என் மேல் வயலைப் பார்த்து "என்ன செழிப்பு" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் நாலு பேர்.

வெயில் அடித்தால் எல்லா வயலும் பதராகிவிடும் என்றும் இல்லை. ஆஸ்திரேலியாவில் ரிவரினா என்றொரு நெல் விளையும் பகுதி. அங்கே கோடையில் 40 டிகிரி சாதாரணம். ஆனால் காற்றில் ஈரம் மிகக் குறைவு. கதிர் தன் உடம்பிலுள்ள நீரை ஆவியாக விட்டுத் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. காற்றைவிடக் கதிர் 6 டிகிரிக்கு மேல் குளிர்ந்திருந்ததை அளந்து எழுதியிருக்கிறார்கள். புழுக்கமும் காற்றசைவே இல்லாத பகலும் சேர்ந்தால் 36 டிகிரியே அதிகம். வேர்வை காயாத நாளில் நமக்கு எப்படியோ, பயிருக்கும் அப்படித்தான். பூக்கும் வாரத்தில் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று பெரியவர்கள் கண்டிப்பாகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும். அந்த வாரம் பம்புசெட் பழுதாகி எனக்கு இரண்டு நாள் போனது. அதைச் சரிசெய்ய வருவதாகச் சொன்னவர் "இதோ கிளம்பிட்டேன்" என்று மூன்று தடவை சொன்னார். அந்த எரிச்சலை இங்கே எழுத வேண்டாம்.

இரவுச் சூட்டையும் நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. பகல் வெயிலைப் பற்றி ஊரே பேசும், ராத்திரிப் புழுக்கத்தைப் பற்றித் தூக்கம் வராதவன்தான் பேசுவான். பயிர் பகலில் வெயிலைக் கொண்டு சேர்த்ததில் ஒரு பங்கை ராத்திரி மூச்சுவிட்டே செலவழிக்கிறது. ராத்திரி சூடாக இருந்தால் செலவு கூடும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில், தங்கள் பண்ணையில் 1979 முதல் 2003 வரை எடுத்த வெப்ப அளவை வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். பகல் உச்சம் 0.35 டிகிரிதான் ஏறியிருந்தது, இரவின் வெப்பம் 1.13 டிகிரி ஏறியிருந்தது. வறண்ட பருவ நெல்லில், இரவு வெப்பம் 1 டிகிரி கூடியதற்கு விளைச்சல் 10 சதவீதம் குறைந்திருந்தது. 2004இல் வந்த ஆய்வு அது. படித்ததிலிருந்து நான் காலை எழுந்ததும் முதலில் பார்ப்பது ராத்திரி எவ்வளவு இறங்கியது என்பதைத்தான். (வெப்பமானியை முதலில் மோட்டார் கொட்டகைத் தகரத்தடியில் மாட்டியிருந்தேன். தினமும் 43, 44 என்று காட்டி வயிற்றைக் கலக்கியது. பிறகு வேப்பமரத்து நிழலுக்கு மாற்றினேன், ஐந்து டிகிரி குறைந்தது.)

"இந்த வருஷம் சீக்கிரமே முற்றிவிட்டது, நல்லதாயிற்று" என்று நீ எழுதிய வரி எனக்குச் சங்கடமாக இருந்தது. பயிர் முற்ற எவ்வளவு சூடு சேர வேண்டும் என்று மக்காச்சோளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பகல் வெப்பத்தையும் இரவு வெப்பத்தையும் கூட்டிப் பாதியாக்கி அதில் 10ஐக் கழிக்க வேண்டும். பகல் 30ஐத் தாண்டினாலும் 30 என்றே வைக்க வேண்டும். பகல் 28, இரவு 18 என்றால் அன்றைக்கு 13 அலகு. பகல் 36, இரவு 26 என்றால் 18 அலகு. முற்றுவதற்கு 1500 அலகு வேண்டும் என்று வைத்துக்கொள். முதல் வகையில் 115 நாள் ஆகும், இரண்டாவதில் 83 நாளில் முடிந்துவிடும். இடையில் போன 32 நாளும் பயிர் வெயில் வாங்கி மாவு சேர்த்திருக்க வேண்டிய நாள். சீக்கிரம் முற்றிய கதிரை ஆயிரம் மணி எண்ணி எடை போட்டுப் பார், புரிந்துவிடும். 2022 மார்ச்சில் இந்தியக் கோதுமைக்கு நடந்ததும் இதுதான். 1901இலிருந்து வைத்திருக்கும் பதிவில் அதுதான் மிகச் சூடான மார்ச். மணி பால் பிடித்துப் பருக்கும் நேரத்தில் வெப்பம் வந்து சேர, மணி சுருங்கிப்போனது. அந்த வருஷம் மே 13ஆம் தேதி ஏற்றுமதிக்கே தடை போட்டார்கள்.

என் மக்காச்சோளம் பிழைத்துக்கொண்டது. இந்தப் பருவத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கதிரின் மேல் வருகிற பட்டு முடி இருக்கிறதே, ஒவ்வொரு முடியும் ஒரு மணியின் தொப்புள்கொடி. முடியின் வழியே மகரந்தம் இறங்கினால்தான் அந்த மணி. கதிரின் அடிப்பக்கத்து முடி முதலில் நீளும், நுனியிலுள்ளது கடைசியில். தண்ணீர் குறைந்து வெயிலும் ஏறினால் முடி வெளிவரத் தாமதமாகும், உச்சியில் ஆண் பூவோ காத்திருக்காமல் கொட்டி முடித்துவிடும். நுனி மொட்டையாகக் கதிர் வருவது இதனால்தான்.

இதைத் தெரிந்துகொள்ள அறுப்புவரை பொறுத்திருக்க வேண்டியதில்லை. பூத்து ஒரு வாரம் கழித்து ஒரு கதிரைப் பறித்து, முடி அறுந்துவிடாமல் மட்டையைக் கத்தியால் கீறி உரித்துவிட்டு, கதிரை மெதுவாக உதறு. கரு தரித்த மணியின் முடி தானாகக் கழன்று விழும், தரிக்காததன் முடி ஒட்டிக்கொண்டே இருக்கும். வயலில் அங்கங்கே பறித்த பத்துக் கதிரை அப்படி உதறிப் பார்த்தேன். எட்டில் எல்லா முடியும் விழுந்தது. இரண்டில் நுனியில் ஒரு குஞ்சம் மட்டும் நின்றது. பேத்தி அதைப் பார்த்துவிட்டு, தாத்தா சோளத்துக்கு முடி வெட்டுகிறார் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மத்தியானம் தோகை சுருண்டால் பயப்படாதே. அந்தி சாய்ந்ததும் விரிந்துவிட்டால் பயிர் சமாளிக்கிறது என்று அர்த்தம். விடிகாலையிலும் சுருண்டே நின்றால் அன்றைக்கே தண்ணீர் கட்டு.

அறுப்பு விஷயத்தில் மட்டும் கோடை நமக்குக் கை கொடுக்கும், கவனமாக இருந்தால். மக்காச்சோள மணியின் அடியைக் கிள்ளிப் பார்த்தால் கறுப்பாக ஒரு கோடு தெரியும். அப்போது மணி முற்றிவிட்டது, ஆனால் ஈரம் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அதற்குப் பிறகு வெயில் தன்பாட்டில் காய வைத்துவிடும். நெல்லை அப்படி விட்டுவைக்கக் கூடாது. நூற்றுக்கு எண்பது, எண்பத்தைந்து நெல் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும், 20 முதல் 24 சதவீத ஈரத்திலேயே அறுத்துவிட வேண்டும். எனக்கு மிஷின் வர ஆறு நாள் தாமதம். அந்த ஆறு நாளில் பகலெல்லாம் நெல் காய்ந்து முறுகியது, ஒருநாள் சாயங்காலம் இடியோடு மழை, மறுநாள் திரும்ப வெயில். காய்ந்த நெல் மறுபடி ஈரம் குடித்தால் உள்ளே அரிசியில் கீறல் விழும். நெல்லாகப் பார்த்தால் தெரியாது, அரைக்கும்போது நொய்யாகக் கொட்டும். என் கீழ் வயலில் பதர் இல்லாமல் தப்பித்த நெல்லுக்குக் கடைசியில் இந்தக் கதி. பாதி மூட்டையை அரைத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன்.

அடுத்த கோடைக்கு நான் செய்யப்போவது ஒன்றுதான். ரகத்தின் வயதைப் பார்த்து, பூக்கும் பத்து நாளை முதலில் நாட்காட்டியில் குறித்துவிட்டு, அங்கிருந்து பின்னால் எண்ணி விதைப்பேன். இத்தனை நாள் தண்ணீர் வந்த அன்று விதைத்தோம், பூப்பது தன்னால் நடக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அதையும் மொத்தமாக ஒரே நாளில் நட மாட்டேன், இந்த முறை நாற்றுத் தட்டுப்பாடு தானாகக் கற்றுக்கொடுத்தது அது. வெயில் ஏறுவதற்குள் விடிகாலையிலேயே பூத்து முடிக்கிற குணத்தைக் காட்டு நெல் ஒன்றிலிருந்து பயிர் நெல்லுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று படித்தேன். நம் கைக்கு வரும்போது வரட்டும்.

நீ இப்போது ஒன்று செய். பூத்த தேதி ஞாபகம் இல்லையென்றால், அறுத்த தேதியிலிருந்து முப்பது நாள் பின்னால் எண்ணு. அந்த வாரத்தில் பகல் எப்படி இருந்தது, ராத்திரி எப்படி இருந்தது என்று வீட்டில் கேள். உன் பக்கத்து வயலில் அதே விதையைப் பத்து நாள் முந்தி நட்டவர் யாராவது இருந்தால் அவர் கதிரிலும் பதரை எண்ணிப் பார். எண்ணிவிட்டு எனக்கு எழுது. விதைக்காரனிடம் சண்டைக்குப் போவதாக இருந்தால், அதற்கு அப்புறம் போய்க்கொள்ளலாம். தேவைப்பட்டால் நானும் வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி