ஜேமியை எந்தக் கணக்கில் வைப்பது? நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. புது வேலை ஒத்துப்போய்விட்டது என்று படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் குறைந்துபோச்சு. அதனால் உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சரி, நீ கிளப்பிவிட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' நாவல் தொடரில் வந்த ஐந்து புத்தகங்களையும் முடித்த கையோடு, 'அரசனின் மெய்க்காவலனாக இருந்து அவனையே கொன்ற ஜேமி லானிஸ்டர் முதலிலிருந்தே நல்லவன், நெட் ஸ்டார்க்தான் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்' என்று எழுதியிருந்தாய். பாதிதான் ஒத்துக்கொள்வேன்.

1996இல் வந்த முதல் புத்தகத்தில் ஜேமிக்கென்று ஓர் அத்தியாயம்கூடக் கிடையாது. அவனைப் பற்றித் தெரிவதெல்லாம் மற்றவர்கள் கண் வழியாகத்தான். அதுவும் நெட்டின் ஏழு வயது மகன் பிரானை ஜன்னலிலிருந்து தள்ளிவிட்டவனாகத்தான் அவன் மனதில் பதிகிறான். 2000இல் வந்த மூன்றாவது புத்தகத்தில்தான் அவன் மனசுக்குள் நம்மை விடுகிறார் மார்ட்டின். வலது கை போய், காய்ச்சலோடு, ஹாரன்ஹால் கோட்டைக் குளியலறையில், பிரையன் என்ற பெண் போர்வீரரிடம் அவன் உண்மையைக் கொட்டும் இடம் வந்ததும் நாம் மொத்தமாக அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். பைத்தியக்கார அரசன் ஏரிஸ், நகரத்தையே கொளுத்தச் சொல்லிக் கட்டளையிட்டான். அதை நிறைவேற்றக் கிளம்பிய ரசவாதி ரோஸார்ட்டை முதலில் கொன்று, அப்புறம் அரசனையும் கொன்றான் ஜேமி. அப்போது அவனுக்கு வயது 17. ஐந்து லட்சம் பேர் பிழைத்தார்கள். அவனுக்குக் கிடைத்ததோ 'அரசனைக் கொன்றவன்' என்ற பட்டம்.

இதுவரை நீ சொல்வதுதான் சரி. ஆனால் இரண்டாவது புத்தகத்தில் ஓர் இடம் இருக்கிறது, எடுத்துப் பார். ஜேமியின் தம்பி டிரியன் போருக்காக வைல்ட்ஃபயர் என்ற, எளிதில் அணையாத தீயைக் கிளப்பும் திரவத்தைத் தயாரிக்கச் சொல்லியிருப்பான். ஹாலைன் என்ற ரசவாதி வந்து, டிராகன்பிட் என்ற பாழடைந்த பழைய டிராகன் கொட்டிலுக்குக் கீழே ரோஸார்ட் பதுக்கிவைத்த முந்நூறுக்கும் மேற்பட்ட ஜாடிகள் அகப்பட்டன என்று சந்தோஷமாகச் சொல்வான். முதல் தடவை படிக்கும்போது யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. குளியலறைக் காட்சியைப் படித்த பிறகு அந்தப் பக்கத்துக்குத் திரும்பினால் வயிற்றைப் புரட்டும். ஏரிஸ் புதைக்கச் சொன்ன ஜாடிகள்தான் அவை. விஷயம் தெரிந்த மற்ற இரண்டு ரசவாதிகளையும் தேடிப்பிடித்துக் கொன்ற ஜேமி, தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒருத்தரிடமும் மூச்சுவிடவில்லை. 15 வருடங்களுக்கும் மேலாக அந்த ஊர் மக்கள் அதன் மேலேயே படுத்து எழுந்திருக்கிறார்கள்.

ஏன் சொல்லவில்லை? எனக்குத் தெரிந்து ஒரே பதில் கர்வம். சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்த அவனை நெட் பார்த்த பார்வையிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்று நினைத்தான். அப்படிப் பார்த்தவரிடம் போய் விளக்கம் சொல்வதா என்று வாயை மூடிக்கொண்டான். அரசனைக் கொன்றதும் அதே ஜேமிதான், வீம்புக்காக அந்த மக்களை மறந்ததும் அதே ஜேமிதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் 'நல்லவன்' என்று முத்திரை குத்த எனக்கு மனசு வரவில்லை.

நெட் பக்கமும் கொஞ்சம் யோசி. லானிஸ்டர் படை நகரத்தைச் சூறையாடிக்கொண்டிருக்கிறது. உள்ளே வந்தால், காக்க வேண்டிய மெய்க்காவலனே அரசனைக் கொன்றுவிட்டு அரியணையில் உட்கார்ந்திருக்கிறான். இத்தனைக்கும் அந்த அரசன் நெட்டின் அப்பாவையும் அண்ணனையும் கொன்றவன். அப்படியிருந்தும் அந்தக் கொலையை நெட் கொண்டாடவில்லை. கண்ணால் கண்டதை வைத்து வேறென்ன முடிவுக்கு வந்திருக்க முடியும்? 'ஏன் செய்தாய்' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அது அவர் குறைதான். கேட்காததும் சொல்லாததும் சேர்ந்துதான் இத்தனை சேதம்.

பிரான் விஷயத்திலும் உன்னோடு எனக்கு வழக்கு இருக்கிறது. தன் இரட்டைச் சகோதரியான அரசி செர்சியோடு அவனுக்கிருந்த உறவை பிரான் பார்த்துவிட்டான், அது வெளியே வந்தால் செர்சியும் பிள்ளைகளும் உயிரோடு இருக்க மாட்டார்கள், அந்தப் பயத்தில் செய்தான் என்கிறாய். இருக்கட்டும். காரணம் புரிகிறது என்பதற்காக, கீழே விழுந்த குழந்தையின் கால்கள் எழுந்து நடக்கப்போவதில்லையே. எனக்கு அவன்மேல் மரியாதை வந்தது குளியலறையில் இல்லை, கரடிக் குழியில். ஹாரன்ஹாலிலிருந்து விடுவிக்கப்பட்டுப் போய்க்கொண்டிருந்தவன் பாதி வழியில் திரும்பிவந்து, ஒற்றைக் கையோடு, ஆயுதம்கூட இல்லாமல் பிரையனுக்காகக் குதித்தான் பார், அங்கேதான்.

டிரியன் மீது உனக்குள்ள பிரியம் ஊரறிந்தது. எனக்கும் உண்டு. முதல் புத்தகத்திலிருந்தே அவன் மனசுக்குள் இருந்து பழகிவிட்டோம், அவன் கிண்டலுக்குச் சிரித்தும்விட்டோம். அதனாலேயே தன் காதலி ஷேயை அவன் கழுத்தை நெரித்துக் கொல்லும்போதுகூட அவன் வலியைத்தான் நினைக்கிறோம். ஷேய்க்கு ஒரே ஓர் அத்தியாயம் கொடுத்திருந்தால்? விசாரணையில் டிரியனுக்கு எதிராக அவளைப் பேசவைத்தவர்கள் என்ன மிரட்டினார்கள், என்ன ஆசை காட்டினார்கள் என்று அவள் வாயால் கேட்டிருந்தால், டிரியனை அத்தனை சுலபமாக விட்டிருக்க மாட்டோம்.

அரியணைக்கு உரிமை கோரும் ஸ்டானிஸின் கதை இதற்கு நேரெதிர். அவனுக்கு அத்தியாயமே இல்லை. பெரும்பாலும் அவனுடைய விசுவாசி டாவோஸ் கண்ணால்தான் அவனைத் தெரிந்துகொள்கிறோம். முற்றுகையில் பட்டினி கிடந்தபடி ஸ்டானிஸ் காத்துநின்ற கோட்டைக்கு வெங்காயம் கொண்டுவந்ததற்காக டாவோஸுக்கு நைட் பட்டம், முன்பு கடத்தல் செய்ததற்காக விரல் நுனிகள் வெட்டு. வெட்டுப்பட்டவனே அதை நியாயம் என்கிறான், எலும்புத் துண்டுகளைக் கழுத்தில் கட்டிக்கொண்டு அலைகிறான். டாவோஸின் பக்தியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஸ்டானிஸிடம் என்ன மிஞ்சும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உனக்கு என்ன தோன்றுகிறது?

நெட்டின் மனைவி கேட்லினை ஒரே வரியில் திட்டித் தள்ளியிருந்தாய். நெட்டின் முறைகேடான மகனாக அந்த வீட்டில் வளர்ந்த ஜானிடம், பிரானுக்குப் பதில் நீயாக இருந்திருக்க வேண்டும் என்று அவள் சொன்னது கொடுமைதான். ஆனால் சாகக் கிடக்கும் பிள்ளையின் படுக்கையை விட்டு நகராமல், தூக்கம் கெட்டுக் கிடந்த ஒருத்தி சொன்ன வார்த்தை அது. அதைவிட, அத்தனை வருடம் அந்தப் பையனிடம் காட்டிய பாராமுகம்தான் எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது. அவள் அத்தியாயங்களை இன்னொரு தடவை படித்துவிட்டு எழுது. சண்டை போட நான் தயார்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். விடுமுறை கிடைத்தால் கிளம்பி வா, இரண்டு நாள் உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்