தோல் வியாபாரமும் என் படிப்பும்

வின்னிபெக், கனடா

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். "மிருகத்தோல் வியாபாரத்தின் வரலாற்றைப் படித்து என்ன வேலைக்குப் போகப் போகிறாய்?" என்று போனில் கேட்டீர்கள். அவசரத்தில் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

1670-ல் இங்கிலாந்து அரசரிடம் பட்டயம் வாங்கி இங்கே தோல் வியாபாரம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் ஆவணங்கள் இந்த ஊரில்தான் இருக்கின்றன. 1974-ல் லண்டனிலிருந்து கொண்டுவந்தார்கள். வெளியே மைனஸ் முப்பது குளிர். உள்ளே மைக்ரோஃபிலிம் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு எழுந்திருக்க மனம் வருவதில்லை. நம் மண்டியின் சிட்டை, பேரேடு போலத்தான் எல்லாம். ஆனால் வியாபாரக் கோட்டைகளில் கணக்கு எழுதியது பீவர் என்ற விலங்கின் தோல் எண்ணிக்கையில். துப்பாக்கிக்கு இத்தனை தோல், கெட்டிலுக்கு இத்தனை தோல். பீவரின் அடிமயிரில்தான் ஐரோப்பாவில் தொப்பி செய்தார்கள்.

இந்தக் கணக்குகளை வரிவரியாகப் படித்தவர் ஆர்தர் ரே என்ற பேராசிரியர். பாசிமணிக்கு ஏமாந்து தோலைக் கொடுத்தவர்கள் என்று பூர்வகுடிகளைப் பற்றி ஒரு பேச்சு இருந்ததல்லவா, அது பொய் என்று கணக்கை வைத்தே காட்டினார். அவர்கள் துப்பாக்கியின் தரத்தைக் குறை சொல்லியிருக்கிறார்கள், துணியைச் சரியாக அளந்து கொடு என்று கறாராகக் கேட்டிருக்கிறார்கள். கடையில் நீங்கள் தினமும் பார்க்கும் ஆட்கள்தான், அப்பா.

அப்புறம் அவரை நீதிமன்றத்துக்கு அழைத்தார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கிட்க்ஸான், வெட்ஸுவெட்டன் என்ற பூர்வகுடி மக்கள் தங்கள் நிலத்துக்காகப் போட்ட வழக்கு. 1820-களில் பாபைன் ஏரிக்கரையில் கம்பெனிக்காக இருந்த வில்லியம் பிரவுன் எழுதிய அறிக்கைகளை ரே எடுத்து வைத்தார். எந்தத் தலைவருக்கு எந்தக் காடு என்பதையெல்லாம் வியாபாரத்துக்காக அந்த ஆள் குறித்து வைத்திருந்தார். 1991-ல் தீர்ப்பு பாதகமாகத்தான் வந்தது. 1997-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, அந்த மக்கள் வாய்வழியாகச் சொல்லிவரும் வரலாற்றையும் சாட்சியமாக மதிக்க வேண்டும் என்றது. அந்தப் பகுதியைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆக, பல்கலைக்கழகம், ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம் தவிர, இப்படி நில வழக்குகளுக்கு ஆய்வு செய்யும் வேலையும் உண்டு. எனக்கு அதில்தான் ஆசை. கம்பெனிக்காரன் எழுதியதை மட்டும் படித்தால் பாதிதான் தெரியும் என்பதால் செப்டம்பரில் பூர்வகுடிகள் பேசும் கிரீ மொழி வகுப்பில் சேருகிறேன். கட்டணத்துக்கு உதவித்தொகையே போதும், பணம் அனுப்ப வேண்டாம்.

அம்மாவை முழங்கால் வலிக்கு டாக்டரிடம் கூட்டிப் போனீர்களா? எழுதுங்கள்.

அன்பு மகள்,
செல்வி