கட்டி தென்பட்ட நாளிலிருந்து காப்பீடு தொடங்கட்டும்

பொது மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களை வகுப்போருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் 2014 முதல் சில மாநிலங்கள் குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவாக்கின, சில மறுத்தன. விரிவாக்கிய மாநிலங்களில் தொடக்க நிலையிலேயே புற்றுநோய் கண்டறியப்படுவது கூடியது. இரண்டு ஆண்டுகள் கடந்தும் உயிரோடிருப்பவர்களின் விகிதமும் மற்ற மாநிலங்களைவிடச் சற்றுக் கூடுதலாக உயர்ந்தது. ஆகவே விரிவாக்கம் தேவைதானா என்று இனியும் வாதாட வேண்டியதில்லை. எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை செலவை ஏற்கப்போகிறீர்கள் என்பதே எங்கள் கேள்வி.

உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பணம் என்று பல திட்டங்கள் சொல்கின்றன. புற்றுநோய்ச் சிகிச்சையின் பெரும்பகுதி நடப்பதோ வெளிநோயாளிப் பிரிவில். மார்பில் கட்டியோடு வரும் பெண்ணுக்கு மேமோகிராம், பயாப்சி, எந்த மருந்து பலன் தரும் என்று அறிய அந்தத் திசுவில் ஈ.ஆர்., பி.ஆர். (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (ஒரு புரதம்) சோதனைகள், தேவைப்பட்டால் ஸ்கேன். இத்தனையும் கைக்காசில் முடிந்த பிறகே முன் அனுமதிக்கு விண்ணப்பிக்க முடிகிறது. பணம் புரட்டுவதிலேயே வாரங்கள் ஓடிவிடும். அறுவைசிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் 6 முதல் 8 விழுக்காடு கூடுகிறது என்று 2020இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது.

சிகிச்சை தொடங்கிய பின்னும் ஓட்டைகள் உண்டு. கீமோவுக்குப் பணம் தரும் திட்டம், வெள்ளணுக்கள் சரிந்து காய்ச்சலோடு வருபவரின் ஆன்டிபயாட்டிக் செலவை ஏற்காவிட்டால், அவர் அடுத்த சுற்றுக்கு வராமலே போகலாம். ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுசுமாப் ஊசி வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஓராண்டு. காப்பீட்டின் ஆண்டு வரம்பு நடுவில் தீர்ந்தால் ஊசியும் நின்றுவிடும். ஹார்மோன் ஏற்பி உள்ள கட்டி என்றால் ஹார்மோன் தடுப்பு மாத்திரை 5 முதல் 10 ஆண்டுகள் தினமும் வேண்டும். விலை குறைந்த மருந்துதான், ஆனால் வெளிநோயாளி மருந்து என்பதாலேயே விடுபடுகிறது. இது எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கதிர்வீச்சுக்கு வாரம் ஐந்து நாள் வர வேண்டியவருக்குத் தங்குமிடமும் பயணப்படியும் சிகிச்சையின் பகுதிதான்.

எனவே, சந்தேக நிலையிலேயே சோதனைச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனியாக அல்லாமல், முழுச் சிகிச்சைத் திட்டத்துக்கும் ஒரே முன் அனுமதி கொடுங்கள். சிகிச்சை முடியும்வரை காப்பீட்டு அட்டை காலாவதியாகக் கூடாது.

பலனை அளக்கும்போது உயிர்வாழும் காலத்தை மட்டும் நம்பாதீர்கள். நோயை முன்கூட்டியே கண்டறிந்தாலே, மரணம் தள்ளிப்போகாவிட்டாலும் அந்தக் கணக்கு நீண்டு தெரியும். பயாப்சிக்கும் முதல் சிகிச்சைக்கும் இடைப்பட்ட நாட்கள், பாதியில் நின்றவர்கள், மக்கள்தொகையில் புற்றுநோய் இறப்பு விகிதம் ஆகிய மூன்றையும் புற்றுநோய்ப் பதிவேட்டோடு இணைத்து ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
புற்றுநோய்ச் சிகிச்சைப் பணியாளர்கள்