தம்பிக்கு, அந்தக் கடன் விஷயமாக

தம்பி,

முடிவெடுத்துவிட்டேன். சித்தி மகனுடைய கடனை நான் அடைக்கிறேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பாய். கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாய், அதன்பிறகு செய்தால் உன் பேச்சை மீறியதாக ஆகியிருக்கும். கேட்காமல் செய்தது உனக்கு வலிக்கும் என்று தெரியும், அதற்கு மன்னித்துக்கொள். செய்ததை மாற்றிக்கொள்வதாக இல்லை.

அவனுக்கு உதவுவது பற்றி அன்று போனில் நடந்ததை மறுபடி எழுத வேண்டியதில்லை. ஒரே ஒரு வரிதான் மனதில் நின்றுவிட்டது: "எனக்கு யாரு குடுத்தா, அக்கா? நானா மேல வரலையா?" உன்னைப்போல் கீழே இருந்து மேலே வந்த நிறையப் பேர் இதையே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டேன். கடன் கொடுத்தவரைப் பற்றி இங்கே எதுவும் சொல்வதற்கில்லை. அவனும் இதைப் படிப்பான், அதனால் இன்னும் சிலதையும் விட்டிருக்கிறேன்.

நீ உழைத்தாய். அதை யாரும் உன்னிடமிருந்து பிடுங்க முடியாது, பிடுங்க நான் விடவும் மாட்டேன். ஆனால் உன் வலது கண்?

உனக்கு அப்போது நாலரை வயது. இடது கண் சரியாக இருந்தது, வலது கண்ணில் பவர் மிக அதிகம். இரண்டு கண்ணுக்கும் இடையே பவர் வித்தியாசம் இப்படிப் பெரிதாக இருந்தால், மூளை தெளிவான படத்தை வாங்கிக்கொண்டு மங்கலான படத்தைத் தள்ளிவிடும். தள்ளத் தள்ள, அந்தக் கண்ணுக்கான மூளைப் பகுதி பார்க்கக் கற்காமலே நின்றுவிடும். சோம்பேறிக் கண் என்பார்கள். வெளியே பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. குழந்தையும் சொல்லாது, ஒரு கண்ணால்தான் எல்லாமே தெரிகிறதே. ஹூபெல், வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து வைத்துப் பிறகு திறந்து பார்த்தார்கள். கண் நன்றாகத்தான் இருந்தது, மூளையில் அதற்குரிய இடத்தை மற்றக் கண் எடுத்துக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனையின் கண்ணை அதைவிட நீண்ட நாள் மூடி வைத்தாலும் அப்படி ஆகவில்லை. 1981-ஆம் ஆண்டு நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது.

உன் டீச்சர் ஒருநாள் பிள்ளைகளை ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு சுவரில் இருக்கிற படத்தைச் சொல்லச் சொன்னார். இடது கண்ணைப் பொத்தியதும் நீ கையைத் தட்டிவிட்டு அழுதாயாம். நல்ல கண்ணைப் பொத்தினால் குழந்தை அப்படித்தான் முரண்டு பிடிக்கும், அதுவே ஓர் அடையாளம். அவர் அதைக் கவனித்தார், அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அவ்வளவுதான் அவர் செய்தது.

வைத்தியம் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முதலில் நாலு மாதம் போலக் கண்ணாடி மட்டும், சிலருக்கு அதிலேயே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் நல்ல கண்ணை மூடி ஒரு பேட்ச். குறை மிதமாக இருந்தால் தினம் 2 மணி நேரம், கடுமையாக இருந்தால் 6 மணி நேரம். தோலில் ஒட்ட வேண்டும். கண்ணாடியின் மேல் ஒட்டினால் குழந்தை மேல் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துவிடும், பேட்ச் போட்டும் பலன் இருக்காது. பார்வை தேறியதும் சட்டென்று நிறுத்தக்கூடாது, மணி நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். நிறுத்திய ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய நாலில் ஒரு குழந்தைக்குப் பார்வை மறுபடி இறங்குகிறது, அதனால் நிறுத்திய பிறகும் பரிசோதனைக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

பேட்ச் ஒட்டிய முதல் நாள் நிலைப்படியில் முட்டிக்கொண்டாய். பிய்த்து எறிந்தாய். அம்மா திட்டவில்லை, இன்னொன்றை எடுத்து ஒட்டினாள். அதையும் பிய்த்தாய். அடுத்ததை ஒட்டிவிட்டு ஒரு கையில் பாசிமணியும் இன்னொரு கையில் நூலும் கொடுத்தாள். கை சும்மா இருந்தால்தானே பிய்க்கும்? கிட்டத்தில் வைத்துப் பார்க்கிற வேலை அந்தக் கண்ணுக்கும் நல்லதென்று டாக்டர் சொல்லியிருந்தார். மணியின் துளை உனக்குத் தெரியவே இல்லை. தேடித் தேடிக் குத்தினாய். அம்மா நூல் முனையை எச்சில் தொட்டு முறுக்கி முறுக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள், ஒரு தடவைகூடத் தான் கோத்துத் தரவில்லை. கடைசியில் ஒரு மணி உள்ளே போனதும் நிமிர்ந்து பார்த்தாய் பார், கன்னமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு அலுக்காத முகம், தம்பி.

அந்த இரண்டு மணி நேரத்துக்காக அம்மா மத்தியான ஷிப்டை விட்டாள். போகாத ஷிப்டுக்குச் சம்பளம் கிடையாது. எத்தனை மாதம் அப்படி விட்டாள் என்று உனக்கே தெரியும், அவளே ஒருநாள் உன்னிடம் சொன்னாள். அது உன் கணக்கில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? யார் கொடுத்தார்கள் என்று எப்படிக் கேட்டாய்?

சரி, கோபத்தை விடுகிறேன். நான் சொல்ல வந்தது வேறு. உனக்குப் பதினோரு வயதில் இதைக் கண்டுபிடித்திருந்தாலும் கொஞ்சம் தேறியிருக்கும். ஏழு வயதுக்கு மேலும் பலன் உண்டு, முயல வேண்டும் என்றுதான் இப்போது சொல்கிறார்கள். ஆனால் அதே பேட்ச், அதே மணி நேரம், கிடைப்பது குறைவு. அதற்குள் பலகையைப் படிக்க முடியாமல், பந்து எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கணிக்க முடியாமல், "இவனுக்குக் கவனம் பத்தாது" என்ற பெயரோடு ஆறேழு வருடம் போயிருக்கும். அந்தப் பெயரைப் பேட்ச் அழிக்காது.

பின்னால் நின்று தொடங்குவதை ஒரு தூரம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். பத்தடி பின்னால் நிற்கிறான், பத்தடி கூட ஓடினால் சரியாகிவிடும் என்று. தூரமாக மட்டும் இருந்தால் சரிக்கட்டுவது சுலபம். 400 மீட்டர் ஓட்டத்தில் எட்டாவது லேன்காரர் முதல் லேன்காரரைவிட 53 மீட்டர் முன்னால் நின்று புறப்படுகிறார். லேன் அகலம் 1.22 மீட்டர், வெளியே போகப் போக வளைவு நீளம், அதனால் இரண்டாவது லேனுக்கு 7.04 மீட்டரும் அதற்குமேல் ஒவ்வொரு லேனுக்கும் ஏறக்குறைய 7.67 மீட்டரும் கூட்டிக் கோடு போட்டிருக்கிறார்கள். அதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை. குழந்தை மருத்துவரும் இப்படி ஒரு கணக்குப் போடுவார். எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தையை ஆறாவது மாதத்தில் பார்க்கும்போது நாலு மாதத்துக்கான அட்டவணையைத்தான் எடுப்பார், இரண்டு வயது வரை இந்தக் கழித்தல் உண்டு. குறையை அளந்துவிட்டால் ஈடு கொடுப்பதில் யாருக்கும் மனக்குறை வருவதில்லை.

பணத்தில் அது தூரமாக நிற்பதில்லை, மாதாமாதம் வந்து வசூல் பண்ணுகிறது. அவன் வாங்கியது அஞ்சு வட்டிக்கு. ஆயிரம் என்று வைத்துக்கொள். மாதம் ஐம்பது வட்டி. ஐம்பது மட்டும் கட்டுகிறவன் இருபது மாதத்தில் ஆயிரத்தையும் கொடுத்து முடித்திருப்பான், அசல் ஆயிரம் அப்படியே நிற்கும். கட்டாமல் விட்டு வட்டி அசலோடு சேர்ந்தால் பதினைந்தாவது மாதம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். மாதம் நூறு கட்ட முடிகிறவனுக்கோ அதே பதினைந்தாவது மாதம் கடனே இருக்காது. மாதம் ஐம்பதுதான் வித்தியாசம். சித்தி தவறிப்போனபோது அவனுக்குப் பதினேழு வயது. அந்த ஐம்பதை அவன் எங்கே போய்த் தேடுவான்?

அந்த நூறு கணக்கும் கொடுத்தவர் அசலில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டால்தான் நடக்கும். பலர் வாங்க மாட்டார்கள். "அசல் கொடுத்தா மொத்தமா கொடு, இல்லேன்னா வட்டியை மட்டும் கொடு" என்பார்கள். நான் மாதாமாதம் அவனுக்கு உதவாமல் மொத்தமாக அடைப்பது இதனால்தான். கொடுத்த பணம் வட்டியில் கரைந்து போவதைப் பார்த்துவிட்டுத்தானே நீ கையை உதறினாய். அதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. நண்பனிடம் வாங்கிய கைமாற்றுக்கு வட்டியே இல்லை, அதை முதலில் அடைத்திருக்கிறான். தவணைக்காரர் போன் மேல் போன் போட்டார், அவருக்கு அடுத்து. அஞ்சு வட்டிக்காரர் அமைதியாக இருந்தார், அவரைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறான். கடனில் இருக்கிற பலர் இப்படித்தான் செய்கிறார்கள்: எங்கே மானம் போகிறதோ அங்கே முதலில் கட்டுவார்கள். எங்கே பணம் அதிகம் போகிறதோ அங்கேதான் முதலில் கட்ட வேண்டும். எல்லாக் கடனையும் ஒரு தாளில் வட்டி வரிசையில் எழுதி, மற்றதற்குக் குறைந்தபட்சத் தொகை, மிச்சம் முழுவதும் மேலே இருக்கிற கடனுக்கு. நேற்று இரவு இருவரும் உட்கார்ந்து எழுதிவிட்டோம்.

கடைசித் தொகையைக் கொடுக்கும் முன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோநோட், வெற்றுக் காசோலை, வெற்றுத் தாள் எல்லாம் கைக்கு வர வேண்டும், கடன் தீர்ந்தது என்று எழுத்தில் வேண்டும். அவன் கையில் ஒரு மாதச் செலவுக்கான பணத்தையும் தனியாக வைக்கிறேன். நீ திட்டப்போவது இதற்குத்தான். ஆனால் கடனை அடைத்துவிட்டுக் கையை வழித்துக்கொண்டு நின்றால் முதல் காய்ச்சலுக்கோ முதல் வண்டி ரிப்பேருக்கோ மறுபடி அதே வாசலில் போய் நிற்பான். பல கடன் அடைப்புகள் இங்கேதான் கெட்டுப்போகின்றன.

அவனைப் பொறுப்பில்லாதவன் என்றாய், கெடு தேதியைக்கூட மறந்துவிட்டான் என்றாய். 2013-ல் ஓர் ஆய்வு வந்தது, தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் செய்தது. அறுவடைக்கு முன் கை வறண்டிருக்கும்போதும், அறுவடை முடிந்து பணம் வந்த பிறகும், அதே ஆட்களுக்கு அதே மாதிரியான புதிர்களைக் கொடுத்தார்கள். பணம் வருவதற்கு முன் மதிப்பெண் குறைந்தது. மூன்று கடனின் தேதிகளைத் தலையில் சுமந்துகொண்டிருப்பவனுக்கு நாலாவது தேதி நழுவுவது ஆச்சரியமே இல்லை. நீயும் ஒருகாலத்தில் நழுவவிட்டாய். எதை என்று இங்கே எழுத மாட்டேன்.

பின்னால் நின்று தொடங்கியது வேலையிலும் வந்து ஒட்டிக்கொள்கிறது. பொருளாதாரம் மந்தமாக இருக்கும்போது பட்டம் வாங்கி வெளியே வந்தவர்களுக்கு முதலில் வருமானம் ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்தது, அந்தக் குறை கரைய பத்து வருடம் ஆனது என்று கனடாவில் செய்த ஓர் ஆய்வு 2012-ல் சொன்னது. மீண்டவர்களில் பலர் கம்பெனி மாறி மாறி மேலே போனவர்கள். அவனால் மாற முடியுமா? நடுவில் ஒரு மாதச் சம்பளம் தள்ளிப்போனாலே வட்டி நின்றுவிடும், அதனால் குறைந்த சம்பளத்திலேயே கிடக்கிறான். கடனை முதலில் அறுத்தால் வேலைக்கான கதவும் திறக்கும்.

"கஷ்டப்பட்டாத்தான் புத்தி வரும், எனக்கு வந்த மாதிரி" என்றும் சொன்னாய். விளையாட்டில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஜனவரி 1-ஐ வைத்து வயதுப் பிரிவு பிரித்தால் டிசம்பரில் பிறந்த ஆறு வயதுப் பையன் தன்னைவிடப் பதினோரு மாதம் மூத்தவனோடு மோதுகிறான். அந்த வயதில் அது வாழ்ந்த காலத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. பெரியவனாக இருப்பவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவனுக்கு நல்ல பயிற்சியாளர், அதிக ஆட்டம். வளர்ந்து முடித்ததும் உடம்பு சமமாகிவிடும், ஆனால் அதற்குள் திறமையில் உண்மையாகவே இடைவெளி விழுந்திருக்கும். கனடாவின் ஐஸ் ஹாக்கி ஜூனியர் அணிகளில் இந்தச் சாய்வை 1985-லேயே காட்டினார்கள். எல்லா வடிகட்டலையும் தாண்டி வரும் ஒருசில டிசம்பர் பையன்கள் உச்சத்தில் மற்றவர்களைவிட நன்றாக ஆடுவதும் உண்டு. அவர்களைக் காட்டிக் கஷ்டம் வளர்க்கும் என்கிறோம். வழியில் விட்டுப்போனவர்களை யார் எண்ணுகிறார்கள்? நீ தாண்டி வந்தவன், தம்பி. உனக்குப் பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் இப்போது எங்கே என்று நீயே யோசித்துப் பார்.

உன்னிடம் பணம் கேட்கவில்லை. வேறொன்று கேட்கிறேன். உன் முதல் மேனேஜர் உனக்குச் சொல்லிக் கொடுத்ததை அவனுக்குச் சொல். சொல்லும் சம்பளம் கடைசி அல்ல, திருப்பிக் கேட்கலாம், எழுத்தில் கேட்க வேண்டும் என்பதை. தேதி தவறப்போகிறது என்று தெரிந்தால் தவறும் முன்பே எழுதிவிட வேண்டும், பிறகு எழுதினால் சாக்குச் சொல்வதாகத்தான் தெரியும் என்பதை. புது வேலைக்கான ஆர்டர் கைக்கு வராமல் பழைய வேலையை எழுதிக்கொடுக்கக் கூடாது, அனுபவச் சான்றிதழ் வாங்காமல் வெளியே வரக்கூடாது என்பதை. இதெல்லாம் கேட்கலாம் என்றே அவனுக்குத் தெரியாது. நான் சொன்னால் அக்கா சொல்கிறாள் என்று தலையாட்டுவான். நீ சொன்னால் எழுதி வைத்துக்கொள்வான்.

அன்று நீ பேசியது அவனுக்கும் கேட்டது. ஸ்பீக்கரில் இருந்தது என்பதை நான் உன்னிடம் சொல்லவில்லை, சொல்லும் இடைவெளியை நீ விடவும் இல்லை. அதனால் முதலில் வேறு ஏதாவது பேசு, உடனே அறிவுரைக்குப் போகாதே. ஷிப்ட் முடிந்து ஒன்பதரைக்கு வருவான். அதற்கு முன் கூப்பிட்டால் போனை எடுக்க முடியாது.

அக்கா