அணைத் திறப்பின் மணிவாரிப் பதிவுகளை மீன் ஆய்வுக்கு வழங்கக் கோரும் மனு

பெறுநர்: அணைகள், நீர்வளப் பொறுப்பு அலுவலர் அவர்கள்

அனுப்புநர்: அணைக்குக் கீழே மீன்களின் முட்டையிடுதலை ஆய்வு செய்யும் குழுவினர்

பொருள்: அழியும் நிலையிலுள்ள மீன்கள் முட்டையிடும் பருவத்தில் மணிவாரித் திறப்புப் பதிவுகளும், ஆற்றில் கருவிகள் பதிக்க அனுமதியும் கோருதல்

ஐயா/அம்மையீர்,

வணக்கம். அணையை மூடச் சொல்லியோ, மின் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லியோ இந்த மனுவை எழுதவில்லை. உங்கள் கட்டுப்பாட்டு அறையில் ஏற்கெனவே எழுதி வைக்கப்படும் ஒரு பதிவேட்டைத்தான் கேட்கிறோம்.

எங்கள் வேலை முறையைச் சொன்னால் காரணம் புரியும். சரளைக் கற்கள் நிறைந்த ஆற்றுப்படுகையில் நார் விரிப்புகளைக் கட்டி வைப்போம். ஒட்டும் தன்மையுள்ள முட்டைகள் அதில் வந்து படியும். முட்டைக்குள் கரு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று உருப்பெருக்கியில் பார்த்து, அந்த நாட்களின் நீர் வெப்பநிலையோடு சேர்த்துக் கணக்கிட்டால், தாய்மீன் ஏறக்குறைய எப்போது முட்டையிட்டது என்று பின்னோக்கிச் சொல்லிவிடலாம். அந்த நேரத்தில் டர்பைன் ஓடியதா, மதகு திறந்ததா, தண்ணீர் ஏறியதா இறங்கியதா என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் ஆய்வு.

போன பருவத்தில் ஓர் அணைக்குக் கீழே விரிப்புகளை வைத்தோம். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் இரண்டைக் காணவில்லை. மற்றவை கரையோரம் வெயிலில் காய்ந்து கிடந்தன, முட்டைகள் ஒட்டியபடியே. இரவில் நீர் ஏறி, பிறகு சட்டென்று வடிந்திருக்கிறது. எத்தனை மணிக்கு, எவ்வளவு வேகமாக என்று கேட்டபோது மாதச் சராசரியைத் தந்தார்கள். மாதம் முழுக்கச் சராசரியாகத் தண்ணீர் இருந்தது என்பது, அன்றிரவு அந்த முட்டை நனைந்து கிடந்ததற்குச் சாட்சி ஆகாதே!

முட்டையிட்டதைக் கண்டால் மட்டும் போதாது, அப்புறம் என்ன ஆனது என்பதுதான் முக்கியம். அமெரிக்காவின் மிசோரி ஆற்றில் பேலிட் ஸ்டர்ஜன் மீன் 1990-இல் அழியும் அபாயத்திலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. ஃபோர்ட் பெக் அணைக்குக் கீழே வயதான மீன்கள் இருந்தன, இளசுகள் இல்லை. மீன் முட்டையிடவே இல்லை என்று நினைப்பதுதான் இயல்பு. ஆனால் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பொரித்த குஞ்சுகள் நீந்தும் வலு வரும்வரை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆற்றோடு மிதந்து போக வேண்டும். அதற்குள் அடுத்த நீர்த்தேக்கம் வந்துவிடுகிறது. அதன் தலைப்பகுதியில் ஓட்டம் தளர்ந்து, அடித்தட்டில் ஆக்சிஜன் இல்லாமல் குஞ்சுகள் மடிகின்றன என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. முட்டையோடு நிறுத்தியிருந்தால் இது தெரிந்திருக்காது.

சீனாவின் யாங்சியில் 1981-இல் கெசோபா அணை ஆற்றை மறித்தபோது, சீன ஸ்டர்ஜன் அணையின் காலடியிலேயே புதிய இடம் தேடி முட்டையிட்டது. 2003-இல் மேலே மூன்று பள்ளத்தாக்கு அணை நிரம்பத் தொடங்கியதும், இலையுதிர்காலத்தில் தண்ணீர் குளிரத் தாமதமாகி, அக்டோபரில் நடந்தது நவம்பருக்குத் தள்ளிப்போனது. 2013-இல் முட்டையிட்ட தடயமே கிடைக்கவில்லை. ஆண்டுதோறும் கண்காணித்ததால்தான் இந்த நகர்வாவது பதிவானது. அதே ஆற்றின் துடுப்பு மீன் அற்றுப்போய்விட்டதாக 2022-இல் அறிவிக்கப்பட்டது.

அணை நிர்வாகத்துக்கும் இதில் பயன் உண்டு. கலிபோர்னியாவின் ஷாஸ்தா அணையில், வேண்டிய ஆழத்திலிருந்து நீர் எடுக்கும் அமைப்பு 1997-இல் வந்தது. கீழே சால்மன் முட்டைகளுக்குக் குளிர்ந்த நீர் தேவை என்று தெரிந்ததால்தான் அதைக் கட்டினார்கள். தெரியாமல் எந்த மதகை எப்போது திருப்புவது?

ஆகவே, பருவம் முழுவதற்கும் டர்பைன், மதகு இரண்டின் வெளியேற்றத்தையும் தனித்தனியே, மணிவாரியாக, நீர் எடுக்கும் ஆழத்தோடு தர உத்தரவிட வேண்டுகிறோம். அணையின் காலடியிலிருந்து முட்டையிடும் இடம்வரை வெப்பநிலைக் கருவிகள் பதிக்கவும் அனுமதி தேவை. திடீர்த் திறப்புக்கு முன் எங்களுக்கு ஒரு தொலைபேசித் தகவல் வந்தால் பெரிய உதவி. ஆற்றுக்குள் இறங்கி நிற்பவர்கள் எங்கள் பிள்ளைகள். வெள்ளமோ பாசனத் தேவையோ இல்லாத சில இரவுகளில் மட்டும் நீரைச் சற்று மெதுவாகக் குறைத்துப் பார்க்க முடியுமா என்றும் பரிசீலிக்கவும். முடியாதென்றால் பதிவேடு மட்டும் போதும், அதைக் கொண்டே பாதி வேலையை முடிப்போம்.

நீர் வெப்பம் மாறத் தொடங்கும் முன்பே கருவிகளைப் பதித்தாக வேண்டும் என்பதால், விரைவில் பதில் அளிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆய்வுக் குழுவினர்